பாசேஜ் 6 என்றால் எவ்வளவு வயது?

ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் எப்படி முதுமை அடைகின்றன என்று ஆய்வகத்தில் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது அப்போதுதான் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை. வேடிக்கைதான். பிரசவம் முடிந்ததும் தூக்கிப்போடப்படும் கொடியின் சிரைக்குள் கொலாஜினேஸ் நொதியைச் செலுத்திக் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவினால் செல்கள் உரிந்து வந்துவிடும். 1973-இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபியும் உடனிருந்தவர்களும் இந்தச் செல்களை வளர்த்து அடையாளம் காட்டியதிலிருந்து உலகம் முழுக்க ஹூவெக் என்ற பெயரில் இவைதான் ஓடுகின்றன.

பச்சைக் குழந்தையின் செல்லைக் கிழடாக்குவது எப்படி? வளர்த்துக்கொண்டே இருந்தால் போதும். வளர்ப்புத் தட்டு, அதாவது டிஷ், நிரம்பியதும் டிரிப்சின் நொதி போட்டுப் பெயர்த்து, ஒரு பங்கைப் புது டிஷ்ஷுக்கு மாற்றினால் அது ஒரு பாசேஜ். செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர் தேய்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் பி21, பி16 புரதங்கள் பிரேக் போட்டுவிடும். செல் சாகாது, பிரிவது மட்டும் நின்றுவிடும். கூழாங்கல் பாவிய தரைபோல நெருக்கமாக இருந்தவை பரந்து தட்டையாகும், ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறையும், வெள்ளணுக்களை ஒட்டவைக்கும் ஐகேம்-1 கூடும். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 ஆல்பாவும் ஏறும்; 1990-இல் அது உருவாவதைத் தடுத்துப் பார்த்தபோது செல்கள் இன்னும் பல சுற்று பிரிந்தன.

இதெல்லாம் சரி. என் எரிச்சல் அந்தப் பாசேஜ் எண்ணின் மேல்தான். ஒருவர் ஒவ்வொரு முறையும் 1:2 என்று, அதாவது பாதிச் செல்களைப் புது டிஷ்ஷுக்கு மாற்றுகிறார், இன்னொருவர் 1:8, எட்டில் ஒரு பங்கை மட்டும். ஆறு பாசேஜ் முடிவில் முதலாமவரின் செல்கள் சுமார் 6 முறை இரட்டித்திருக்கும், மற்றவருடையவை 18 முறை. இரண்டு பேருமே "பாசேஜ் 6" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்! ஒவ்வொரு முறையும் செல்களை எண்ணி, மொத்தம் எத்தனை முறை இரட்டித்தன என்று குறித்து வைப்பதற்கு என்ன கஷ்டம்?

இதில் ஆக்சிஜன் வேறு. கொடிச் சிரையில் பழகிய அளவைவிடப் பல மடங்கு ஆக்சிஜன் சாதாரண இன்குபேட்டரில் இருக்கிறது, அதுவும் முதுமையை முடுக்கிவிடும். ரத்த ஓட்டத்தின் உராய்வும் டிஷ்ஷில் கிடையாது.

அதற்காக டிஷ்ஷில் பார்ப்பதெல்லாம் பொய் என்று சொல்லவில்லை. முதுமைக்கு அடையாளமாக வைத்திருக்கும் பீட்டா கேலக்டோசிடேஸ் நொதிக்கான சாயத்தில் நீலமாகும் உட்சுவர் செல்களை, கொழுப்பு படிந்த மனித இதயத் தமனிகளிலேயே 2002-இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் டிஷ்ஷை அளவுக்கு மீறி நிரம்பவிட்டால் இளம் செல்களும் நீலமாகும். அதனால் நீலப் படத்தை மட்டும் போட்டு "முதுமை" என்று எழுதியிருந்தால், பி16 அளவும் டிஎன்ஏ நகலாவது நின்றதற்கான சோதனையும் கூடவே இருக்கிறதா என்று முதலில் தேடுவேன்.