இரண்டு பிள்ளைகள், ஒரே நோ

ஒரே கிழமையில் என் இரண்டு பிள்ளைகளுக்கும் பல்லுக்குக் கிளிப் போட்டோம். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 12. "பெடியன் சமாளிப்பான், இவள்தான் ஊரைக் கூட்டப்போறாள்" என்றார் உப்புவெளி மாமி. நானும் நம்பினேன். அதோடு நிற்காமல், "கத்தினால் கழற்றிப்போடுவோம்" என்று மகளை வெருட்டியும் வைத்தேன்.

போட்டு முடிந்ததும் ஒன்றும் நோகவில்லை. கோணேசர் கோயிலடியில் வறுத்த கச்சான் கேட்டு நின்றான் மகன். நல்லகாலம், வாங்கவில்லை. பொழுதுபடத் தொடங்கியது நோ. மறுநாள் அவன் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பனடோல் கேட்டபடியே கிடந்தான். மகளோ "நோகேல்லை" என்று ரியூசனுக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் குப்பை வாளிக்குள் பேப்பரில் சுற்றிய புட்டைக் கண்டேன். பிள்ளை இரண்டு நாளாகச் சொதியை மட்டும் குடித்திருக்கிறாள்!

டொக்டர் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, 10 சென்ரிமீற்றர் கோடு ஒன்றில் தங்கள் நோவைக் குறிக்கச் சொன்னார். ஒரு முனை நோவே இல்லை, மறுமுனை தாங்கவே முடியாத நோ. இரண்டு புள்ளடியும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுந்தன.

பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் உள்ள சவ்வு அமுங்கி அழற்சி வருவதால்தான் நோகிறதாம். சில மணி நேரத்தில் தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பனடோலே போதும், இபுபுரோபன் என்ற நோ மாத்திரை, பல் நகர்வதற்குத் தேவையான புரொஸ்ராகிளாண்டின் என்ற உடலில் சுரக்கும் பொருளையும் குறைக்கும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொன்னார். பெண் பிள்ளைகளுக்குத்தானே கூட நோகும் என்று கேட்டேன். சில ஆய்வுகளில் அப்படி, வேறு சிலவற்றில் வித்தியாசமே இல்லை என்றார். வயதும் அப்படித்தானாம்: சின்னப் பிள்ளைகளைவிடப் பதின்வயதின் நடுப்பகுதியில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக நோகிறது என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு, வயதால் வித்தியாசம் காணாதவையும் உண்டு.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அதைவிட ஐஸ்கிறீம்தான் தேவைப்பட்டது.

அடுத்த மாதம் கம்பி மாற்றியபோது, குசினிக் கதவில் தொங்கும் கலண்டரில் இருவரும் தினமும் பத்துக்கு எத்தனை என்று எழுதினார்கள். மாமி வந்து பார்த்துவிட்டு, லொத்தர் நம்பரா என்று கேட்டார்.