பதநீருக்கு ஏழு மணி, கூழுக்குப் பதினொன்று

மே மாதம் சென்னையிலிருந்து கிளம்பி கும்பகோணம், மதுரை, உடன்குடி, நாகர்கோவில், ஈரோடு, கிருஷ்ணகிரி என்று ஒரு பெரிய சுற்றுச் சுற்றிவிட்டு வருவதாக வீட்டில் முடிவாகியிருக்கிறது. உடன்குடி இவருடைய ஊர். ஈரோட்டுக்குப் பக்கத்தில் என் அம்மா வீடு. இரண்டு ஊருக்கும் தனித்தனியாக ரயிலில் போய்த்தான் பழக்கம். இந்த முறை இரண்டையும் சேர்த்துக் காரில். மகன் பத்தாம் வகுப்புக்குப் போகிறான், ஜூன் பிறந்துவிட்டால் அவனை எங்கேயும் நகர்த்த முடியாது.

இவர் போட்ட திட்டம் ஒரே தாளில் முடிந்துவிட்டது. எந்த ஊரில் லாட்ஜ், எங்கே டோல், எத்தனை கிலோமீட்டர் என்று கோடு போட்டுக் கட்டம் கட்டி அழகாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்கான கட்டத்தில் மட்டும் எல்லா நாளுக்கும் சேர்த்து "வழியில்" என்று எழுதியிருந்தார். அங்கேதான் எனக்கு ஏறியது. நான்கு வழிச்சாலையில் வழியில் கிடைப்பது செங்கல்பட்டிலும் ஒன்றுதான், திருமங்கலத்திலும் ஒன்றுதான்: பொங்கல், பூரி, பரோட்டா, ஃப்ரைட் ரைஸ். பைபாஸ் வந்த பிறகு சாத்தூரும் கோவில்பட்டியும் பச்சைப் பலகையில் ஒரு அம்புக்குறியாகிவிட்டன. அந்த அம்புக்குறிப் பக்கம் வண்டியைத் திருப்பினால்தான் ஊர் இருக்கிறது, ஊர்ச் சாப்பாடும் இருக்கிறது.

அதனால் நான் தனியாக ஒரு நோட்டு போட்டேன். ஊர், பண்டம், மாதம், நேரம், யாரிடம் என்று ஐந்து பத்தி. எழுத எழுத ஒன்று பிடிபட்டது. பிரியாணி நமக்காகக் காத்திருக்கும். மத்தியானம் போனாலும் உண்டு, ராத்திரி பத்து மணிக்குப் போனாலும் உண்டு. கூழும் களியும் அப்படி இல்லை. அவை வேலைக்குப் போகிறவர்களுக்கான சாப்பாடு, அவர்கள் பசிக்கிற நேரத்துக்குத்தான் வரும். பானை காலியானால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே சாப்பாட்டு நேரத்தை முதலில் குறித்துவிட்டு, அதற்கு ஏற்றபடி காரை ஓட்ட வேண்டும். இவரிடம் இதைச் சொன்னதற்கு "கூழுக்கு ஒரு டைம்டேபிளா?" என்றார். ஆமாம்.

முதல் நாள் காலையே அதற்குச் சோதனை. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வெயில் காலத்தில் கூழ் வண்டிகள் நிற்கும். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்து, அரிசி நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, மறுநாள் மோர் ஊற்றிக் கரைத்துத் தருவது. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், மாங்காய்க் கீற்று, சின்ன வெங்காயம், இருந்தால் கருவாடு. பதினொன்று, மிஞ்சினால் பன்னிரண்டு மணிக்குள் குடித்துவிட வேண்டும். ஒரு சொம்பு கூழுக்கு ஆகிற காசு நாம் தாண்டுகிற ஒரு டோலுக்குக்கூடப் போதாது. அதிகாலையில் கிளம்பி, வழியில் டீயோடு நிறுத்திக்கொண்டு, வெறும் வயிற்றோடு போய் நிற்பதாக ஏற்பாடு. மகன் மட்டும் பிஸ்கட் பாக்கெட்டை ஒளித்துவைத்திருப்பான், தெரியும்.

கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், சோம்பு, பொட்டுக்கடலை அரைத்து ஊற்றியது. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் போட மாட்டார்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே இருக்கிற மாதிரி சனிக்கிழமை கிளம்புகிறோம். பிறகு தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை. மதுரையில் ஜிகர்தண்டா என்று மகன் எழுதிவைத்திருக்கிறான், குடிக்கட்டும். எனக்கு சாயங்காலம் தள்ளுவண்டியில் வரும் பருத்திப்பால் போதும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவும் வெல்லமும் சுக்கும் போட்டுக் காய்ச்சி, மேலே தேங்காய்த் துருவல். மாட்டுக்குத் தீனியாகப் போடுகிற கொட்டையில் மனுஷருக்கு இப்படி ஒரு பானம் உண்டு என்பதைக் கொங்கு நாட்டுக்காரியான நான் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் பருத்திக்கொட்டை முழுக்க எருமைக்குத்தான்.

மதுரைக்குத் தெற்கே போனால் சாத்தூரில் வெள்ளரிக்காய், உப்பும் மிளகாய்த்தூளும் தடவி. காராச்சேவு அரைக் கிலோ. கோவில்பட்டியில் கடலைமிட்டாய். அதற்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெட்டிகளெல்லாம் பளபளப்பாகிவிட்டன. வறுத்த கடலையும் வெல்லப்பாகும்தான் விஷயம், பெட்டி எனக்கு வேண்டாம். அக்கினி நட்சத்திரத்தில் டிக்கியில் வைத்தால் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் அது எங்களோடு ஏசியில் வரும். சூட்கேஸ் டிக்கிக்குப் போகட்டும்.

உடன்குடி சேர்வது திங்கட்கிழமை சாயங்காலம். இந்தப் பயணத்தில் என் நோட்டு ரொம்பக் கறாராக இருப்பது மறுநாள் காலைக்குத்தான். பனையேறி விடியுமுன் மரம் ஏறுவார். பாளையைச் சீவி, கட்டியிருக்கும் கலயத்தில் இரவெல்லாம் சொட்டியதை இறக்குவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்புதான் புளிக்க விடாமல் பிடித்துவைக்கிறது. அந்தப் பிடியும் வெயில் ஏறுகிறவரைக்கும்தான். ஏழு மணிக்கு ஓலைப் பட்டையை மடித்துப் பிடித்து, நுங்கை வழித்துப் போட்டுக் குடிப்பது ஒன்று. பத்தரை மணிக்குப் போனால் அது வேறொன்று. போனில் அத்தை சொல்லிவிட்டார்: "ஏம்மா, பதனி குடிக்கணும்னா ராத்திரி சீக்கிரம் படுக்கச் சொல்லு எல்லாத்தையும். எழுப்பிவிட நான் இருக்கேன், குடிச்சுவிட மாட்டேன்."

பனங்கிழங்கும் கிடைக்குமா என்று அவரிடமே ஆசையாகக் கேட்டேன். ஆவணி, புரட்டாசி வாக்கில் விழும் பனம்பழத்தின் கொட்டையைப் புதைத்து, முளைத்து வந்ததை மார்கழி, தையில்தான் தோண்டுவார்கள். "தையில வந்தா கிழங்கு, வைகாசியில வந்தா நுங்கு. ரெண்டும் ஒண்ணா வேணும்னா பனைமரத்துக்கிட்டப் போய்ச் சொல்லு" என்றார். நோட்டில் கிழங்கை அடித்துவிட்டேன்.

அன்றைக்கே கருப்பட்டியும் வாங்கியாக வேண்டும். பதநீரைப் பாகாகக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுப்பது. சீனி கலந்த கருப்பட்டி இப்போது ஊரெல்லாம் விற்கிறது. நாக்கில் வைத்ததும் வெறும் இனிப்பாக இருந்தால் அத்தை வாங்கமாட்டார். லேசாகக் கரிக்க வேண்டும், பிறகுதான் இனிக்க வேண்டும் என்பார். அவர் வாங்கி ஓலைப்பெட்டியில் கட்டிக்கொடுப்பதை அப்படியே கொண்டுவந்துவிடுவேன். பிளாஸ்டிக் பைக்கு மாற்றினால் வேர்த்துவிடும். பதநீரையும் பாட்டிலில் பிடித்து எடுத்துப் போகலாமே என்று மகன் கேட்டான். மூடிய பாட்டிலில், இந்த வெயிலில், ஓடுகிற காருக்குள் அது நுரைத்துக்கொண்டு வெடிக்கும். குடிப்பதாக இருந்தால் மரத்தடியில் நின்று குடிக்க வேண்டியதுதான். மத்தியானம் அத்தை உளுந்தங்களி கிண்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், தோல் உளுந்தும் அரிசியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்டு. வயசுக்கு வந்த பெண்களுக்குக் கொடுக்கிற களி அது. மகனுக்கும் ஒரு உருண்டை உண்டாம்.

நாகர்கோவில் பக்கம் மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன் குழம்பும். ஏழைச் சாப்பாட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்றால் இந்தக் கிழங்குக்கு உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூரின் பக்கம் இருந்தது. அந்தச் சமஸ்தானத்தில் 1880 முதல் 1885 வரை அரசராக இருந்த விசாகம் திருநாள், அரிசிக்கு ஒரு மாற்று வேண்டும் என்று இந்தக் கிழங்கைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான் வசம் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது திருவிதாங்கூர் ஜனங்களைத் தாங்கியது அதுதான். அதே போர்க்காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசியும் வரத்து நின்றுபோக, சேலத்துப் பக்கம் இந்தக் கிழங்கை அரைத்து மாவெடுத்து ஜவ்வரிசி செய்யக் கற்றுக்கொண்டார்கள். தெற்கே தட்டில் மீன் குழம்போடு, மேற்கே ஆலையில் மாவாக. எங்கள் பாதை இரண்டு ஊரையும் தொடுகிறது. சேலத்தில் கிழங்கு லோடு ஏற்றிய லாரியைப் பார்த்தால் இந்தக் கதையை மகனுக்கு இன்னொரு முறை சொல்வேன், அவன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வான்.

கிழங்கு வாங்கி வீட்டில் வேகவைக்கிறவர்களுக்கு ஒன்று. பச்சையாகத் தின்னக் கூடாது, சயனைடு சமாசாரம் உண்டு. நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

அங்கிருந்து ஈரோட்டுக்கு நீண்ட ஓட்டம். திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், கரூர் என்று பகலில் பெரும்பகுதி போய்விடும். அன்றைக்கு மட்டும் இவருடைய தாளே செல்லும், "வழியில்" உட்பட. எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக்குக் கடையை நம்ப முடியாது என்பதும் ஒரு காரணம். அரிசிம்பருப்பு சாதம் இப்போது சில ஹோட்டல்களில் போடுகிறார்கள், முந்திரி எல்லாம் வறுத்துப் போட்டு. அதைப் பார்த்தால் அம்மா எழுந்து வந்துவிடுவார். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், அரிசி, ஒரே பாத்திரம், மேலே நெய், பக்கத்தில் கெட்டித் தயிர். காட்டு வேலை முடிந்து வந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் வேறெதற்கும் தெம்பில்லாமல் செய்கிற சோறு அது. அடுப்பில் கொதிக்காத பச்சைப்புளி ரசமும் அப்படித்தான்: புளியைக் கரைத்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் கொத்துமல்லியும் நசுக்கிப் போட்டால் முடிந்தது.

கம்மஞ்சோறுதான் லேசில் ஆகாது. கம்பில் தண்ணீர் தெளித்து, உரலில் குத்தி, புடைத்து உமி போக்கி, மறுபடி இடித்துக் குருணையாக்கிக் காய்ச்ச வேண்டும். மறுநாள் மோர் விட்டுக் கரைத்துக் குடித்தால்தான் ருசி. "கம்மஞ்சோறு வேணும்னா முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிப்போடு கண்ணு, இடிச்சு வெக்கோணும்" என்று அம்மா உத்தரவு. என் நோட்டில் 'யாரிடம்' என்ற பத்தி இந்த மாதிரிப் பண்டங்களுக்காகத்தான். மேப்பில் தேடினால் வராது, நேரமும் போட்டிருக்காது. ஒரு மனுஷியிடம் முந்தின நாள் சொல்லிவைக்க வேண்டும்.

எடுத்துப் போகிற சாமான்களில் இரண்டு தூக்குவாளி, எவர்சில்வர் சொம்பு, தம்ளர்கள், ஒரு கத்தி, உப்பு மிளகாய்த்தூள் டப்பா. காலி சாக்கு ஒன்று, திரும்பி வரும்போது அது காலியாக இருக்காது. ஓஆர்எஸ் பாக்கெட் சில. புளித்த கூழும் பதநீரும் வயிற்றுக்குப் புதிது என்பதால் மகனுக்கு முதல் நாள் அரைச் சொம்புதான்.

கடைசி நாள் தருமபுரி, கிருஷ்ணகிரி. மத்தியானம் கேழ்வரகுக் களி. நொய்யைக் குழைய வேகவைத்து, மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டி, கையை நனைத்து உருட்டித் தட்டில் வைப்பார்கள். கீரைக் கடைசலோ, அவரைக்கொட்டைக் குழம்போ, கோழிக் குழம்போ நடுவில் ஊற்றி, பிட்டுத் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். இவருக்கு இரண்டு உருண்டை உறுதி. ஆனால் அதன்பிறகு சென்னைக்குச் சுமார் 250 கிலோமீட்டர் பாக்கி, களி தின்றவர்களுக்குக் கண் தானாகச் சொருகும். அதனால் அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் ஸ்டியரிங் என் கையில் என்று இப்போதே பேசி முடித்தாயிற்று. எனக்கு அரை உருண்டைதான், மீதியைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வருவேன்.