3,200 ரூபாய் மிச்சம் பிடித்த கதை

தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. அம்மாவைச் சிங்கப்பூர் அழைத்துப் போக வேண்டும். கோவையிலிருந்தே நேரடி விமானம் உண்டு. வான்வழியில் ஏறக்குறைய 3,150 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். கோபியிலிருந்து அவிநாசி வழியாகப் பீளமேடு விமான நிலையம் போய் ஏறியிருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. பயண முகவர், "அண்ணா, சென்னை வழியாகப் போனால் இரண்டு பேருக்கும் சேர்த்து 3,200 ரூபாய் குறையும்" என்றார். தலையாட்டிவிட்டேன்.

கோவை–சென்னை 400 கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம். 7 மணிக்குக் கிளம்பினால் 8.10. சிங்கப்பூர் விமானம் 11.30க்கு. தாராளம் என்று நினைத்தேன். அவர் எடுத்துக் கொடுத்தவை இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் என்பதைத்தான் கவனிக்கவில்லை.

முதல் அடி கோவையிலேயே விழுந்தது. சிங்கப்பூர் டிக்கெட்டில் ஆளுக்கு 20 கிலோ என்று போட்டிருந்ததை நம்பி, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, கொள்ளு, பூண்டு என்று அம்மா கட்டிவிட்டார். உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான். டிக்கெட் தனி என்றால் அளவும் தனி. 8 கிலோ கூடுதல். மிச்சம் பிடித்த 3,200 அங்கேயே போய், மேற்கொண்டும் கட்டினேன். சர்க்கரையை மட்டும் விடமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.

அடுத்து, விமானம் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். அடுத்த விமானம் தவறினால் எங்கள் பொறுப்பில்லை என்று கவுண்டரில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். சென்னைக்கு மேலே போயும் இறங்க முறை கிடைக்கவில்லை. கால் மணி நேரம் வட்டமடித்ததில் கீழே கடல் மூன்று முறை வந்து போனது. டிக்கெட்டில் போடுகிற நேரம், விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்து அங்கே போய் நிற்கும் வரைக்குமானது. பெட்டிக்காகக் காத்திருப்பதும், அதை மறுபடி எடை போடுவதும் அதில் சேராது.

பெட்டி வந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு பன்னாட்டு முனையத்துக்கு ஓடிச் சேரும்போது 10.20. கவுண்டர் மூடுவது 10.30. அங்கே இருந்த பெண், "அம்மாவின் வருகை அட்டை எங்கே?" என்றார். விசா அச்செடுத்து வைத்திருந்தேன். அட்டையை எனக்கு மட்டும்தான் நிரப்பியிருந்தேன். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூர் அரசின் தளத்தில் ஆளுக்கு ஒன்று நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். நின்றபடியே கைப்பேசியில் நிரப்பத் தொடங்கினேன். பாஸ்போர்ட் அந்தப் பெண்ணின் கையில். பிறந்த தேதி என்னம்மா என்றால், "ஆடி நோம்பிக்கு மறுநாள், கண்ணு" என்கிறார்! 10.28க்கு அட்டை வந்தது.

அதன்பிறகு ஒரு சிக்கலும் இல்லை. இறங்கும் நேரம் 6.15 என்று இருந்ததைப் பார்த்து ஆறே முக்கால் மணி நேரப் பயணம் என்று முகவர் சொல்லியிருந்தார். அது சிங்கப்பூர் மணி, நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. பறந்தது நாலேகால் மணிதான். இரண்டு வேளைக்கென்று அம்மா கட்டிய புளிச்சோற்றில் பாதி மிச்சம்.

அன்று இரவே, திரும்புவதற்கான சென்னை டிக்கெட்டுகளை ரத்து செய்து நேராகக் கோவைக்கு எடுத்துவிட்டேன். எவ்வளவு பிடித்துக்கொண்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லவில்லை.