மூன்று வருடம், நாற்பது வேலை, ஒரு வரிச்சலுகை

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் இரண்டாவது கிளையை எங்கே போடுவது என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒரு நகர மன்றம், புதிதாக வரும் தொழில்களுக்குச் சொத்து வரியில் 75 சதவீதம் சலுகை என்று அறிவித்திருந்தது. முதலாளியம்மா அதை எங்கேயோ பார்த்துவிட்டார். மறுநாள் காலை அந்தத் தாள் என் மேஜையில் இருந்தது. மூலையில் அவர் கையெழுத்தில் ஒரு வரி: "இதை விடக்கூடாது."

ஊர் பெயரைச் சொல்லவில்லை. இதில் வருகிற பலரும் இன்னும் அதே நாற்காலிகளில்தான் இருக்கிறார்கள். சலுகை கிடைத்தது. ஆனால் கிடைப்பதற்குப் பதினோரு மாதமானது. கிடைத்ததும் நாங்கள் நினைத்தது இல்லை.

முதல் அடி கணக்கில்தான் விழுந்தது. 75 சதவீதம் என்றதும், வரி ரசீதில் வரும் தொகையில் முக்கால் பங்கு போய்விடும் என்று நானும் நம்பினேன். கணக்குப் பார்க்கிறவன், எனக்கே அந்த நினைப்பு. உண்மையில் சலுகை புதிதாகக் கூடும் மதிப்புக்கு மட்டும். காலி மனையாக இருந்தபோது அதற்கு என்ன வரியோ, அது அப்படியே இருக்கும். அதன் மேல் கட்டடம் எழும்பி மதிப்பு ஏறும்போது, அந்த ஏற்றத்துக்குத்தான் தள்ளுபடி. அதுவும் நகர மன்றத்தின் பங்கில் மட்டும். அங்கே வரி ரசீது ஒன்றுதான், ஆனால் அதற்குள் பள்ளிக்கு ஒரு பங்கு, குடிநீருக்கு ஒரு பங்கு என்று கூட்டாளிகள் பலர். அவர்கள் யாரும் எங்களுக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. போதாததற்கு 75 என்பது முதல் மூன்று வருடத்துக்கு. அடுத்த இரண்டு வருடம் 50, கடைசி இரண்டு வருடம் 25. எல்லாவற்றையும் போட்டுக் கூட்டியபோது, முதலாளியம்மா மனதில் வைத்திருந்த தொகையில் பாதிகூடத் தேறவில்லை. அதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, பாதியும் பணம்தானே, போடுங்கள்" என்றார்.

விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்த வாரத்தில்தான் அந்தப் பொக்லைன் விவகாரம். மனையைப் பார்த்து வரலாம் என்று போனால், மஞ்சள் நிறத்தில் ஒரு பொக்லைன் வேலிக்குள் நிற்கிறது. கட்டட ஒப்பந்ததாரர் நல்ல மனுஷர், வேலையைச் சீக்கிரம் ஆரம்பித்துக் கொடுத்தால் நமக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று தானாகவே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பப் போகிறார். நான் கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடியது எனக்கே ஆச்சரியம்.

அவ்வளவு பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரிச் சலுகைகள் பலவற்றில் அடிப்படை விதி ஒன்றுதான்: விண்ணப்பத்துக்கு முன்னால் வேலை தொடங்கியிருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு அரசு உதவி விதிமுறையில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். கட்டுமானம் தொடங்கினாலும், பின்வாங்க முடியாதபடி இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தாலும் வேலை தொடங்கிவிட்டதாகவே கணக்கு. நிலம் வாங்குவது, அனுமதி வாங்குவது, சாத்தியக்கூறு அறிக்கை தயாரிப்பது இதில் சேராது. எங்கள் நகர மன்றம் இன்னும் கறார்: விண்ணப்பம் போட்டால் போதாது, தீர்மானம் நிறைவேறும் வரை மண்ணைத் தொடக்கூடாது. நியாயம்தான். சலுகை இல்லாமலே தோண்ட ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் பிறகு எதற்குச் சலுகை? அந்தப் பொக்லைனைத் திருப்பி அனுப்பிவிட்டு, மண் கிளறப்படாத மனையைத் தேதி தெரியும்படி நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் கோப்பில் சேர்த்தேன். பின்னால் அந்தப் போட்டோவை இரண்டு தடவை கேட்டார்கள்.

விண்ணப்பம் பதினெட்டுப் பக்கம். பதினேழு பக்கத்தை இரண்டு நாளில் நிரப்பிவிட்டேன். மிச்சம் ஒரு பக்கத்தில் ஒரே கேள்வி: "இந்தச் சலுகை இல்லாவிட்டால் இந்த முதலீட்டை இங்கே செய்வீர்களா? காரணங்களுடன் விளக்கவும்." இதற்கு ஒரு வாரமானது.

உண்மை என்னவென்றால், அந்த இடத்தை முதலாளியம்மா மனதுக்குள் முன்பே முடிவு செய்துவிட்டார். நெடுஞ்சாலை பக்கத்தில், பெரிய வாடிக்கையாளர் இருவர் கூப்பிடு தூரத்தில். வரிச்சலுகை வந்தால் லாபம், வராவிட்டாலும் போவோம். இதை அப்படியே எழுதினால் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும். "கண்டிப்பாக வரமாட்டோம்" என்று எழுதினால் அது பொய், கீழே உறுதிமொழி வைத்துக் கையெழுத்துப் போடுவதும் நான்தான். அமெரிக்காவின் அப்ஜான் ஆய்வு நிறுவனத்தின் பொருளாதார அறிஞர் டிமோதி பார்ட்டிக் 2018இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சலுகை வாங்கிய நிறுவனங்களில் 2 முதல் 25 சதவீதம் வரைதான் சலுகையால் முடிவை மாற்றியிருக்கும் என்று கண்டார். அதாவது நூற்றுக்கு 75 பேராவது எப்படியும் வந்திருப்பார்கள். நாங்களும் அந்த 75இல் ஒருவர் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் வழி கிடைத்தது இயந்திரப் பட்டியலில். முதலில் ஒரு உற்பத்தி வரிசை, மூன்று வருடம் கழித்து இரண்டாவது வரிசை என்பதுதான் எங்கள் திட்டம். மிச்சமாகும் வரிப் பணத்தைக் கடன் தவணையில் வைத்துப் பார்த்தால், இரண்டையும் சேர்த்தே போட முடியும். ஒரு வரிசைக்கு 20 பேர், இரண்டுக்கு 40. ஆக நான் எழுதியது: வருவோம், ஆனால் பாதியாக வருவோம். முதலாளியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏன் நாமே வருவோம் என்று சொல்கிறோம்?" என்றார். பிடிவாதமாக நின்றேன். வளர்ச்சிப் பிரிவு அதிகாரி படித்துவிட்டு, சலுகையோடு ஒன்று, சலுகையில்லாமல் ஒன்று என்று இரண்டு ஐந்தாண்டுப் பணவரவுக் கணக்குக் கேட்டார். கொடுத்தேன். "இந்தப் பக்கத்தில் 'வரமாட்டோம்' என்று எழுதாதவர் இந்த வருடத்தில் நீங்கள் ஒருவர்தான் சார்" என்றார். பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை தெரியாது.

இதற்கு நடுவில் முதலாளியம்மா ஒரு சின்ன விளையாட்டும் ஆடிப் பார்த்தார். பக்கத்து நகர மன்றம் 90 சதவீதம் தருவதாகச் சொல்கிறது என்று இவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லி வைத்தார். அதிகாரி போனை எடுத்து அந்த மன்றத்தின் அதிகாரியையே கூப்பிட்டுவிட்டார். இருவரும் ஒரே பயிற்சியில் ஒன்றாக உட்கார்ந்தவர்களாம். அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. அமெரிக்காவில் கான்சஸ், மிசோரி இரண்டு மாநிலங்களும் கான்சஸ் சிட்டிப் பகுதியில் எல்லைக்கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக நிறுவனங்களைச் சலுகை காட்டி இழுத்து, கடைசியில் 2019இல் சமாதானம் செய்துகொண்டன. எல்லோரும் அதைப் படித்திருக்கிறார்கள் போல.

அப்புறம் கருத்துக் கேட்புக் கூட்டம். எனக்கு இதுதான் மறக்காது. இருபது பேர் வந்திருந்தார்கள். மன்ற உறுப்பினர் ஒருவர் தைவான் மின்னணு நிறுவனமான ஃபாக்ஸ்கானின் கதையை எடுத்தார்: 2017இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 13,000 வேலை என்றார்கள், 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அது 1,454 ஆனது, 285 கோடி டாலர் வரையிலான மாநில வரிச் சலுகை 8 கோடியாகச் சுருங்கியது. வேலை வந்த பிறகுதான் சலுகை என்று எழுதியிருந்ததால் மாநிலம் தப்பியது, ஆனால் உள்ளூர் அமைப்புகள் அதற்குள் கடன் வாங்கி நிலமும் சாலையும் தயார் செய்துவிட்டன. "இவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?" நாற்பது பேருக்கு வேலை தரப்போகிற எங்களை அந்த வரிசையில் வைத்தது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பதில் இருந்தது. அடுத்து எழுந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு இல்லை. "உங்கள் லாரிகள் எங்கள் சாலையில் போகும். சாலை பழுதானால் அந்த ஏழு வருடம் யார் பணத்தில் போடுவார்கள்?" அவ்வளவுதான் கேட்டார், உட்கார்ந்துவிட்டார். தயார் செய்து கொண்டுபோன படங்களில் லாரியே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை லாரி என்பதுகூட என் கையில் இல்லை. "கணக்கெடுத்துத் தருகிறேன்" என்றேன். மறுவாரம் தந்தேன்: பதினான்கு நடை. அதன் விளைவாக எங்கள் வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரையுள்ள துண்டுச் சாலையைப் பராமரிப்பது எங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி ஏறியது. தீர்மானம் 7க்கு 4 என்று நிறைவேறியது.

ஒப்பந்தத்தில் நாங்கள் மல்லுக்கட்டியது சதவீதத்துக்காக இல்லை, "வேலை" என்ற சொல்லுக்காக. வாரம் 35 மணி நேரம் செய்தால் ஒரு வேலை என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். பகுதிநேர ஆட்கள் இருவரைச் சேர்த்தால் ஒன்றா? ஏஜென்சி மூலம் வருகிறவர் எங்கள் ஆளா? பழைய தொழிற்சாலையிலிருந்து மாற்றிக் கொண்டுவந்தவர் புதிய வேலையா? (கடைசிக் கேள்விக்கு: இல்லவே இல்லை.) எண்ணும் நாள் டிசம்பர் 31 என்றிருந்தது. வருடக் கடைசியில் ஆட்கள் விலகுவதும் ஊருக்குப் போவதும் எங்கள் தொழிலில் வழக்கம், அன்றைக்கு எண்ணினால் நாங்கள் காலி. பன்னிரண்டு மாதச் சராசரி என்று மாற்றச் சொல்லி மூன்று தடவை நடந்தேன். அதேபோல இலக்கு தவறினால் எல்லாச் சலுகையையும் வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டும் என்றிருந்ததையும் எங்கள் வக்கீல் மாற்றினார்: இலக்கில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குறைந்த அளவுக்கு மட்டும் அந்த வருடச் சலுகை குறையும், அதற்குக் கீழே போனால் அந்த வருடம் முழுக்கப் போகும். அவருக்குக் கொடுத்த கட்டணம் எனக்கு வலித்தது, அந்த ஒரு வரிக்காக மன்னித்துவிட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், முதல் வருட வரி ரசீது முழுத் தொகையோடு வந்தது. மன்றத்தின் தீர்மானம் தானாக வரி மதிப்பீட்டுப் பிரிவுக்குப் போகாதாம். ஒவ்வொரு வருடமும் நாங்கள் தனியாக ஒரு படிவம் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு கடைசித் தேதி. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது, பிழைத்தேன். அன்றிலிருந்து அந்தத் தேதி என் போனிலும் மேஜைக் காலண்டரிலும் முதலாளியம்மாவின் காலண்டரிலும் இருக்கிறது.

மூன்றாவது வருட இலக்கு 40. பன்னிரண்டு மாதச் சம்பளப் பட்டியலையும் வைத்து எண்ணினேன், 34. பாதுகாவலரை எண்ணினேன், ஏஜென்சி ஆள் என்று அடித்தேன். மறுபடி எண்ணினேன், 34தான். 40இல் 85 சதவீதம். சலுகையில் 15 சதவீதம் வெட்டு. அறிக்கையில் அப்படியே எழுதி அனுப்பினேன். அமெரிக்காவில் 2015இல் வந்த 77ஆம் எண் கணக்கியல் தரத்தின்படி உள்ளாட்சிகள் இப்படி விட்டுக்கொடுத்த வரியைத் தங்கள் ஆண்டுக் கணக்கில் காட்ட வேண்டும். இந்த நகர மன்றமும் எங்கள் எண்ணிக்கையோடு சேர்த்து வெளியிட்டது. ஒரு வாரத்தில் அந்த ஆசிரியையிடமிருந்து கடிதம்: "மீதி ஆறு பேர் எப்போது வருவார்கள்? சாலையில் பள்ளம் விழுந்திருக்கிறது, அதையும் பாருங்கள்."

பள்ளத்தை அந்த வாரமே மூடிவிட்டோம். நான்காம் வருட அறிக்கை அடுத்த மாதம். போன வாரம் வரை சராசரி 38.