ஸ்கோர் புத்தகத்தின் ஓரத்தில்

30 செப்டம்பர் 2025, செவ்வாய்

குவாஹாட்டியில் பெண்கள் உலகக் கோப்பை தொடங்கிவிட்டது. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தாலும் பந்துக்குப் பந்து நோட்டில் குறிக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. பெண்கள் ஆட்டங்களுக்கு ஸ்கோரராக உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம்.

120 ரன்னுக்கு 2 விக்கெட் என்று சுகமாகப் போய்க்கொண்டிருந்த இந்திய அணி, கண்மூடித் திறப்பதற்குள் 124க்கு 6. நோட்டை மூடிவிடலாமா என்று நினைத்தேன். எட்டாவதாக வந்த அமன்ஜோத் கவுர் 57, தீப்தி சர்மா 53. மழையால் 47 ஓவராகச் சுருங்கிய இன்னிங்ஸில் 269 வந்தது. இலங்கையை 59 ரன்னில் வென்றார்கள்.

எட்டாம் இடத்தில் அரைச்சதம் அடிக்க ஆள் இருக்கிறது என்பதுதான் இன்றைய செய்தி. முன்பெல்லாம் மேலே மூன்று பேர் போய்விட்டால் கதை முடிந்தது. பழைய கேப்டன் மிதாலி ராஜ் அவுட்டானதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து போன மாலைகள் எத்தனை!

9 அக்டோபர், வியாழன்

விசாகப்பட்டினம். ரிச்சா கோஷ் 94. ஆனாலும் தோல்வி. தென்னாப்பிரிக்காவின் நடீன் டி கிளெர்க் 54 பந்தில் 84 அடித்து ஆட்டத்தைப் பறித்துக்கொண்டு போனார். எழுதவே கை வரவில்லை.

12 அக்டோபர், ஞாயிறு

330 அடித்தும் தோற்றோம். அலிசா ஹீலி 142. ஆஸ்திரேலியா ஒரு ஓவர் மீதம் வைத்து முடித்தது.

ஆட்டம் முடிந்ததும் தொடங்கிவிட்டது பஞ்சாயத்து. கேப்டனை மாற்று, ஆறாவது பந்துவீச்சாளரைக் கொண்டு வா, மன உறுதி இல்லை, இன்னும் என்னென்னவோ. ஆறாவது பந்துவீச்சாளர் வேண்டும் என்பது சரி. நானும் அதைத்தான் சொல்வேன். மன உறுதி என்ற பேச்சைக் கேட்டால் மட்டும் எரிச்சல் வருகிறது. பெண்கள் தோற்றால் மட்டும் எல்லோரும் மனநல மருத்துவர்களாகிவிடுகிறார்கள். நெருக்கடியில் நிற்கும் பழக்கம், நெருக்கடியான ஆட்டங்களை நிறைய ஆடினால்தான் வரும். அந்த ஆட்டங்களை யார் எப்போது கொடுத்தார்கள் என்ற கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

14 அக்டோபர், செவ்வாய்

அந்தக் கேள்வி மனதில் கிடந்து உறுத்தியது. இன்று இந்தியாவுக்கு ஆட்டம் இல்லை. பழைய கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெண்கள் கிரிக்கெட் சங்கம் 1973இல் உருவானது. அதே ஆண்டு புணேயில் நடந்த முதல் தேசியப் போட்டிக்கு வந்தவை மொத்தம் மூன்று அணிகள்: பம்பாய், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம். மூன்றே ஆண்டுகளில், 1976 அக்டோபர் கடைசியில், பெங்களூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட். சாந்தா ரங்கசாமி கேப்டன். அடுத்த மாதமே பாட்னாவில் முதல் டெஸ்ட் வெற்றி. மூன்று அணிகளில் தொடங்கி மூன்றாண்டில் டெஸ்ட் வெற்றி என்றால், திறமைக்குப் பஞ்சம் என்று யார் சொல்ல முடியும்? ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் போனதையும் கூடங்களில் தரையில் படுத்ததையும் அந்தத் தலைமுறை பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லும். நமக்குத்தான் சிரிப்பு வராது.

என்னைத் திகைக்க வைக்கும் கணக்கு வேறொன்று. தமிழ்நாட்டுக்காக ஆடிய சுதா ஷா 1976 முதல் 1991 வரை 21 டெஸ்ட் ஆடினார். ஒருநாள் ஆட்டங்கள் 13. மிதாலி ராஜ் 1999இல் வந்து 2022 வரை ஆடினார். ஒருநாள் ஆட்டங்கள் 232, டெஸ்ட் வெறும் 12. ஜூலன் கோஸ்வாமிக்கும் டெஸ்ட் 12தான். தரையில் படுத்துத் தூங்கிய காலத்து வீராங்கனைக்குக் கிடைத்த டெஸ்டில் ஏறக்குறையப் பாதிதான், பெண்கள் கிரிக்கெட் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் குடைக்குள் வந்த பிறகும் ஆடிய இரண்டு பெரிய வீராங்கனைகளுக்குக் கிடைத்தது.

இடைவெளிகளைப் பார்த்தால் இன்னும் மோசம். 1986இல் இங்கிலாந்துப் பயணம். சந்தியா அகர்வால் வொர்ஸ்டரில் 190 அடிக்கிறார். அதன்பின் 1991 வரை சர்வதேச ஆட்டமே கிடையாது. 1988 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவே இல்லை. ஒரு வீராங்கனையின் உச்சக் காலம் ஐந்தாண்டு என்று வைத்தால், ஒரு முழுத் தலைமுறை அந்தப் பள்ளத்தில் விழுந்து காணாமல் போயிருக்கும். பிறகு 2006 முதல் 2014 வரை டெஸ்ட் இல்லை. 2014 ஆகஸ்டில் வோர்ம்ஸ்லியில் எட்டுப் புதுமுகங்களோடு இறங்கி இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே வென்றார்கள். அந்த நவம்பரில் மைசூரில் நம் தமிழ்நாட்டுத் திருஷ் காமினி 192 அடிக்க, தென்னாப்பிரிக்காவையும் வென்றார்கள். பரிசு என்ன? 2021 வரை மறுபடி டெஸ்ட் இல்லை.

காமினி 192க்குப் பிறகு இன்னொரு டெஸ்ட் ஆடவில்லை. இதை எழுதும்போது கோபம் வருகிறது, வரட்டும்.

19 அக்டோபர், ஞாயிறு

இந்தூர். இங்கிலாந்திடம் நான்கு ரன்னில் தோல்வி. மந்தனா 88, ஹர்மன்ப்ரீத் 70, தீப்தி 50. 289ஐத் துரத்தி 284. தொடர்ந்து மூன்றாவது தோல்வி. தெருவெல்லாம் தீபாவளி வெடிச் சத்தம். யாருக்காக வெடிக்கிறார்களோ என்று தோன்றியது.

24 அக்டோபர், வெள்ளி

நேற்று நியூசிலாந்தை வென்று அரையிறுதிக்குள் நுழைந்தாயிற்று. பிரதிகா ராவல் 122, மந்தனா 109.

இன்று காலை மைதானத்தில் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பெண்களின் பயிற்சி ஆட்டம். மழையால் ஓவர்களைக் குறைத்தோம். இடைவேளையில் இடதுகை சுழல் வீசும் பெண் ஒருத்தி என் மேசையருகே வந்து நின்றாள்.

"மேடம், இந்திய டீம் ஸ்ரீ சரணி கடப்பாவாமே?"

"ஆமாம். ஏன் கேட்கிறாய்?"

"எங்கள் சித்தி ஊர் அங்கேதான். அங்கே மைதானமே கிடையாது என்பாள்."

மைதானம் எப்படியோ, ஆள் வந்துவிட்டாளே என்றேன். பதில் சரிதானா என்று பிறகு யோசித்தேன். அணியின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் ஊர்கள்தான் கண்ணில் படுகின்றன: மோகா, சிலிகுரி, கடப்பா. கிராந்தி கவுட் மத்தியப் பிரதேசத்தில் குவாரா என்னும் சிற்றூர்க்காரர். ஏதோ அதிசயத்தால் இவர்கள் முளைத்துவிட்டதாக எழுதுகிறார்கள். ரேணுகா சிங்கும் ஹர்லீன் தியோலும் தர்மசாலாவில் பெண்களுக்கென்று தங்கிப் பயிலும் அகாடமி இருந்ததால் வந்தவர்கள். ஒரு சிறிய மலை மாநிலம் விடுதியும் வலைப்பயிற்சியும் சாப்பாடும் கொடுத்தது, வீராங்கனைகள் வந்தார்கள். இதில் அதிசயம் எங்கே இருக்கிறது?

பணமும் மெல்லத்தான் வந்தது. 2005 உலகக் கோப்பையில் இறுதிவரை போன அணிக்கு ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்தது என்று மிதாலி சொல்லியிருக்கிறார். வருடாந்தர ஒப்பந்தம் 2015இல்தான் வந்தது: மேல் பிரிவுக்கு 15 லட்சம். ஆண்களுக்குச் சமமான ஆட்ட ஊதியம் 2022 அக்டோபரில்; டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6, டி20க்கு 3. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊதியம் சமமானால் போதுமா? ஆட்டம் ஆடினால்தானே ஊதியம்.

அந்தப் பெண் கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டாள்: "இரண்டு நாள் ஆட்டம் எங்களுக்கு எப்போது மேடம் வைப்பார்கள்?" அவள் வயதுப் பையன்களுக்கு உண்டு. மூத்த பெண்களுக்கே மண்டலங்களுக்கு இடையிலான பலநாள் போட்டி 2024இல்தான் திரும்ப வந்தது. அவளிடம் இந்த வரலாற்றைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை.

27 அக்டோபர், திங்கள்

பிரதிகாவுக்குக் காயம். பதிலாக ஷஃபாலி வர்மா. ஓராண்டாக ஒருநாள் அணியில் இல்லாதவர். உள்நாட்டு டி20 போட்டியில் ஆடிக்கொண்டிருந்தவரை அழைத்திருக்கிறார்கள்.

எனக்குக் கவலை இல்லை. 2024 ஜூனில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவர் 205 அடித்ததை நேரில் பார்த்தவள் நான். மந்தனாவோடு முதல் விக்கெட்டுக்கு 292. ஒரே நாளில் இந்தியா 525 ரன். மாடத்தில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். பென்சில் தேய்ந்துபோய்ப் பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் பேனா கடன் வாங்கினேன். கடைசியில் 603க்கு 6, சினே ராணாவுக்கு முதல் இன்னிங்ஸில் 8 விக்கெட், பத்து விக்கெட் வெற்றி. வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருந்த கூட்டத்தில் பள்ளிச் சிறுமிகள் நிறையப் பேர்.

31 அக்டோபர், வெள்ளி

இரவு தூங்கவில்லை. அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம். ஆஸ்திரேலியா 338. பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் இவ்வளவு பெரிய இலக்கை யாரும் எட்டியதில்லை. ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 நாட் அவுட், ஹர்மன்ப்ரீத் 89, ஒன்பது பந்து மீதம்.

2017இல் டெர்பியில் இதே ஆஸ்திரேலியாவை அரையிறுதியில் வீழ்த்தியபோது ஹர்மன்ப்ரீத் 115 பந்தில் 171 அடித்தார்; அன்று எல்லாம் அவர் ஒருவர் தோளில். நேற்று அவர் ஆட்டமிழந்தபோது இன்னும் 113 ரன் பாக்கி. தீப்தி வந்து 24, ரிச்சா வந்து 26, அமன்ஜோத் வந்து முடித்துவைக்கும் நான்கு ரன்கள். சிறிய எண்கள். என் நோட்டில் நான் அடிக்கோடிட்டது அவற்றைத்தான். ஜெமிமாவை, இங்கிலாந்து ஆட்டத்தில் வெளியே உட்கார வைத்திருந்தார்கள் என்பதையும் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

3 நவம்பர், திங்கள்

உலகக் கோப்பை!

மழையால் தாமதமாகத் தொடங்கி நள்ளிரவு தாண்டி முடிந்தது. 298க்கு 7. ஷஃபாலி 87, போதாததற்கு இரண்டு விக்கெட். தென்னாப்பிரிக்காவின் லாரா வோல்வார்ட் நூறு தாண்டி நின்றவரை அடிவயிறு கலங்கிக்கொண்டிருந்தது. லார்ட்ஸில் 2017 இறுதியாட்டத்தில் 191க்கு 3 என்று இருந்து, 28 ரன்னுக்குள் ஏழு விக்கெட்டைப் பறிகொடுத்து, ஒன்பது ரன்னில் தோற்றதை மறக்க முடியுமா? அமன்ஜோத் பந்தைத் தட்டித் தடவி மூன்றாம் முயற்சியில் வோல்வார்டைப் பிடித்தார். தீப்திக்கு ஐந்து விக்கெட், தொடரில் 22. கடைசிக் கேட்ச் ஹர்மன்ப்ரீத் கையில். 52 ரன் வெற்றி.

கோப்பையை ஜூலன், மிதாலி, அஞ்சும் சோப்ரா என்ற பழைய வீராங்கனைகளின் கைகளில் கொடுத்தார்கள். அப்போதுதான் அழுதேன். அம்மா எழுந்து வந்து, "ஜெயித்தார்களா இல்லையா?" என்று கேட்டாள்.

8 நவம்பர், சனி

வாரியம் அணிக்கு 51 கோடி அறிவித்திருக்கிறது. ஊரெல்லாம் பாராட்டு. இந்த மகிழ்ச்சிக்குள் நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். கோப்பை வென்ற அணியில் தமிழ்நாட்டு அணிக்காரர் ஒருவரும் இல்லை. மகளிர் பிரீமியர் லீக்கின் ஐந்து அணிகளில் சென்னை இல்லை. மதுரையின் கமலினி பிப்ரவரியில் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடினார், அவரை 1.6 கோடிக்கு எடுத்தது மும்பை. நல்லதுதான். இங்கேயும் ஓர் அணி இருந்தால் இன்னும் பதினைந்து பேருக்கு இடம் கிடைக்கும்.

பயண அட்டவணையையும் பார்த்தேன். சேப்பாக்கத்துக்குப் பிறகு இந்தியப் பெண்கள் டெஸ்டே ஆடவில்லை. இந்த ஆண்டு இங்கிலாந்துக்குப் போய் ஐந்து டி20, மூன்று ஒருநாள் ஆடிவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த டெஸ்ட் 2026 மார்ச் 6, பெர்த்தில், பகலிரவு ஆட்டமாக. ஒன்றே ஒன்று. உலகக் கோப்பை வென்றவர்களுக்கு இருபது மாதத்தில் ஒரு டெஸ்ட்! இதையும் மன உறுதிக் கணக்கில்தான் எழுதுவார்களோ?

நாளை காலை மாவட்ட ஆட்டம், முப்பது ஓவர். சுழல்பந்துப் பெண்ணும் ஆடுகிறாள். பெர்த் தேதியை அவளிடம் சொல்லவேண்டும். டெஸ்ட் எப்படி இருக்கும் என்று அவளும் பார்க்கட்டும்.