கோடாவுக்கு முன்னால்: ஒரு ட்ரெக் வாசகனின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 7, 2021, சனி

‘ஸ்டார் ட்ரெக்: கோடா’ நாவல் வரிசையின் முதல் புத்தகம் செப்டம்பர் 28 அன்று வருகிறது. ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களை ஒட்டி எழுதப்படும் நாவல்கள் இவை. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது, அதனால் தோன்றுவதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்று எழுத்தாளர்கள், மூன்று நாவல்கள், மாதத்துக்கு ஒன்று. செப்டம்பரில் டேட்டன் வார்ட் எழுதிய ‘மொமென்ட்ஸ் அசண்டர்’, அக்டோபர் 26இல் ஜேம்ஸ் ஸ்வாலோவின் ‘தி ஆஷஸ் ஆஃப் டுமாரோ’, நவம்பர் 30இல் டேவிட் மேக்கின் ‘ஆப்லிவியன்ஸ் கேட்’. மூன்றும் செவ்வாய்க்கிழமை. நமக்குப் படம் வெளியாக வெள்ளி என்றால் அமெரிக்கப் பதிப்பாளர்களுக்குப் புத்தகம் வெளியாகச் செவ்வாய். தலைப்புகளைப் பார்த்தால் ஒன்றுகூட நல்ல சேதி சொல்கிற மாதிரி இல்லை.

விஷயம் இதுதான்: தொலைக்காட்சியில் ஒருபோதும் வராமல் நாவல்களில் மட்டும் இருபது வருடமாக வளர்ந்துவந்த ஒரு கதை இந்த மூன்று புத்தகத்தோடு முடியப்போகிறது. அதைத்தான் ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆவல் என்பது சரியா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார், “டிவி தொடரை ஒட்டி வரும் நாவல்தானே, அதில் முடிய என்ன இருக்கு?” நியாயமான கேள்வி. இந்த வகை நாவல்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கடைசிப் பக்கத்தில் எல்லாரும் முதல் பக்கத்தில் இருந்த இடத்துக்கே வந்துவிட வேண்டும். யாரும் சாகக் கூடாது, யாருக்கும் கல்யாணம் ஆகக் கூடாது, கப்பலில் ஒரு கீறல்கூட மிச்சம் இருக்கக் கூடாது, ஏனென்றால் அடுத்த வாரம் டிவியில் அதே கப்பல் பறக்கும்.

ஆனால் 1999இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற ட்ரெக் தொடர் முடிந்தது, 2001இல் ‘வாயேஜர்’ முடிந்தது, 2002இல் வந்த ‘நெமிசிஸ்’ படத்தோடு ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் கேப்டன் பிக்கார்டின் குழுவும் திரையை விட்டுப் போனது. 2005இல் முடிந்த ‘எண்டர்பிரைஸ்’ தொடர் இருநூறு வருடம் முந்தைய கதை, 2009இல் வந்த படமோ காலக்கோட்டையே மாற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டது. அந்த மனிதர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்று சொல்லத் திரையில் யாரும் இல்லை. நாவல்காரர்கள் உள்ளே புகுந்தார்கள்.

2001இல் எஸ். டி. பெரி இரண்டு பாகமாக எழுதிய ‘அவதார்’தான் ஆரம்பம். (நீல மனிதர்கள் படம் வர இன்னும் எட்டு வருடம் இருந்தது.) டீப் ஸ்பேஸ் நைன் முடிந்த இடத்திலிருந்து கதை தொடர்ந்தது, கிரா அந்த விண்வெளி நிலையத்தின் தலைவி, ரோ லாரன் அங்கே பாதுகாப்பு அதிகாரி, பழைய தலைவர் சிஸ்கோ இல்லை. 2003இல் ‘யூனிட்டி’ நாவலில்தான் சிஸ்கோ திரும்பி வந்தார். இப்படி ஒவ்வொரு தொடருக்கும் ஒரு தொடர்ச்சி முளைத்து, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு, ரசிகர்கள் லிட்வெர்ஸ் என்று பெயர் வைக்கும் அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

ஆகஸ்ட் 14, சனி

மறுவாசிப்பு. முழுவதையும் திரும்பப் படிப்பது நடக்காத காரியம், வரிசையின் நீளம் அப்படி. அதனால் ‘டெஸ்டினி’ மூன்று பாகத்தை மட்டும் எடுத்தேன். டேவிட் மேக் எழுதியது, 2008இன் கடைசி மாதங்களில் அடுத்தடுத்து வந்தது. கோடா மாதம் ஒன்றாக வருவதைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

பிடிபட்டவர்களைப் பாதி இயந்திரமாக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் போர்க் படை மொத்தமாக இறங்குகிறது. 6,300 கோடிப் பேர் சாகிறார்கள், கிரகங்கள் போகின்றன, கடைசியில் போர்க் என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. டிவியின் மிகப் பெரிய வில்லனை ஒரு பேப்பர்பேக் நாவல் தீர்த்துக்கட்டிவிட்டது! அதைவிடப் பெரிய விஷயம், அடுத்த நாவலில் யாரும் அதை மறக்கவில்லை. அகதிகள், பஞ்சம், அரசியல், கிரகங்களின் கூட்டமைப்பை விட்டுப் போக நினைப்பவர்கள் என்று அந்தப் போரின் விளைவு பத்து வருடப் புத்தகங்களில் ஓடியது. எனக்கு லிட்வெர்ஸ் பிடித்ததற்குக் காரணமே இதுதான். நடந்தது நடந்ததுதான்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. 2007இல் வாயேஜர் கப்பலின் கேப்டன் ஜேன்வேயைக் கொன்றார்கள், ரசிகர்கள் கொந்தளித்தார்கள், 2012இல் ‘தி எடர்னல் டைட்’ நாவலில் கிர்ஸ்டன் பேயர் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார். அதே 2012இல், நெமிசிஸ் படத்தில் இறந்த ஆண்ட்ராய்டு டேட்டாவும் திரும்பி வந்தார், டீப் ஸ்பேஸ் நைன் நிலையமும் வெடித்துச் சிதறியது. என்ன வருடம் அது.

ஆகஸ்ட் 19, வியாழன்

இன்று ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் நூறாவது பிறந்தநாள். எல்லாரும் அவருடைய கனவு, எதிர்காலம், மனிதகுலம் என்று எழுதுகிறார்கள். நாவல் வாசகனாக நான் வேறொன்றைச் சொல்கிறேன்: 1979இல் முதல் படத்தின் நாவல் வடிவத்தை அவரே உட்கார்ந்து எழுதினார், பாக்கெட் புக்ஸ் பதிப்பகத்தின் ட்ரெக் வரிசை அந்தப் புத்தகத்தில்தான் தொடங்குகிறது. கோடா அதே பரம்பரையில் வருவதுதான். அதற்கு முன்னால் பான்டம் வெளியிட்டது. ஜேம்ஸ் பிளிஷ் 1967லிருந்து எபிசோடுகளைச் சிறுகதைகளாக்கினார், 1970இல் ‘ஸ்பாக் மஸ்ட் டை!’ என்று சொந்தக் கதையே எழுதினார். இந்த நாவல்களை இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்கு: தொடர் நிறுத்தப்பட்டு ரசிகர்கள் மட்டும் மிச்சமிருந்த எழுபதுகளில் ஸ்டார் ட்ரெக்கைக் காப்பாற்றியதில் மறு ஒளிபரப்புக்குப் பங்கு இருக்கிற மாதிரி இந்தச் சின்னப் புத்தகங்களுக்கும் உண்டு.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

நண்பனோடு போனில் நீண்ட சண்டை. கல்லூரிக் காலத்திலிருந்தே இரண்டு பேரும் இந்த நாவல்களை ஒன்றாகப் படிப்பவர்கள், ஆனால் கோடா என்றால் அவனுக்கு ஆகவில்லை.

“டேய், நான் இதைப் படிக்கவே போறதில்லை. பிக்கார்டும் பெவர்லியும் அந்தக் குழந்தையோட நல்லா இருக்காங்க. அப்படியே இருக்கட்டும், விட்டுடு.”

புரியாதவர்களுக்கு: நாவல்களில் பிக்கார்ட் தன் கப்பலின் டாக்டர் பெவர்லி கிரஷரைக் கல்யாணம் செய்துகொண்டார், ரெனே என்று ஒரு மகன். பிக்கார்டின் பழைய துணை அதிகாரி ரைக்கர் இப்போது அட்மிரல், மனைவி ட்ராயோடு சேர்ந்து நட்டாஷா என்ற மகளை வளர்க்கிறார். 2020 ஜனவரியில் ‘பிக்கார்ட்’ தொடர் வந்தது, அதில் பிக்கார்ட் திராட்சைத் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். ரைக்கருக்கு கெஸ்ட்ரா என்று வேறொரு மகள். டேட்டா செத்தது செத்ததுதான். முதல் சீசனை ரசித்துப் பார்த்தேன், ஆனால் ஒவ்வொரு எபிசோடிலும் நாவலின் ஒரு துண்டு கழன்று விழுவது தெரிந்துகொண்டே இருந்தது. அதில் யார்மேலும் குற்றம் இல்லை. திரையில் வருவதுதான் அதிகாரப்பூர்வம், நாவல் அதற்குக் கட்டுப்பட்டது, எழுதுபவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் முதல் நாளிலிருந்தே இது தெரியும். அந்தத் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரே கிர்ஸ்டன் பேயர்தான், ஜேன்வேயைத் திரும்பக் கொண்டுவந்த அதே ஆள். தன்னுடைய வாயேஜர் நாவல் வரிசையை அவர் போன அக்டோபரில் ‘டு லூஸ் தி எர்த்’ எழுதி முறையாக முடித்துவைத்தார்.

நான் அவனிடம் சொன்னது ஒன்றுதான். ஸ்டார் வார்ஸ் ரசிகர்களைப் பார். 2014 ஏப்ரல் 25 அன்று ஒரே ஒரு அறிவிப்பு, அதுவரை வந்த நாவல்கள் எல்லாம் இனி ‘லெஜெண்ட்ஸ்’, அதாவது அதிகாரப்பூர்வக் கதையில் சேராது, அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்த கதைகளுக்குக் கடைசி அத்தியாயம் எழுத யாருக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. இங்கே அதே எழுத்தாளர்களைக் கூப்பிட்டு, மூன்று புத்தகம் தருகிறோம், நீங்களே முடித்துவையுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் இது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

“முடிச்சு வைக்கிறதுன்னா கொன்னு போடறதா?” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

செப்டம்பர் 4, சனி

பின்னட்டைக் குறிப்பைத் தேவைக்கு அதிகமாகவே படித்துவிட்டேன். காலம் சிதைகிறது, இணை உலகங்கள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன, பல வருடமாக இந்த எதிரியைத் துரத்திக் களைத்துப்போன “பழைய நண்பர்” ஒருவர் பிக்கார்டிடம் உதவி கேட்டு வருகிறார். யார் அந்த நண்பர்? என் யூகம் பெவர்லியின் மூத்த மகன் வெஸ்லி. டிராவலர் என்ற வேற்றுலகவாசியோடு போனவன், காலத்தில் அங்குமிங்கும் நடமாடத் தெரிந்தவன், வேறு யாராக இருக்க முடியும். எல்லாம் வல்ல கியூவாக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், கியூ களைத்துப்போய் யாரிடமும் உதவி கேட்பதாக என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

இணை உலகங்கள் சரிகின்றன என்ற இடத்தில்தான் வயிற்றைப் பிசைகிறது. அதிகாரப்பூர்வமான உலகம் தொலைக்காட்சியுடையது என்றால், நாவல் உலகமும் சரியப்போகும் இணை உலகங்களில் ஒன்று என்று அர்த்தமா? இந்த மாதிரி ஒரு கதையைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றால் தைரியம்தான்.

செப்டம்பர் 9, வியாழன்

நேற்றோடு ஸ்டார் ட்ரெக்குக்கு 55 வயது, முதல் எபிசோடு 1966 செப்டம்பர் 8இல் ஒளிபரப்பானது. அமெரிக்காவில் நேற்று இரவு கொண்டாட்டம், நமக்கு இன்று விடிகாலை. பிக்கார்ட் இரண்டாவது சீசன் பிப்ரவரியில் என்று அறிவித்தார்கள், மூன்றாவது சீசனும் உறுதி. கியூ வருகிறார், அங்கேயும் காலக் குளறுபடிதான் கதை. நாவல்களைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை.

செப்டம்பர் 18, சனி

இன்று முழுவதும் டீப் ஸ்பேஸ் நைனின் டாக்டர் பஷீர்.

எல்லாரும் பிக்கார்டுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். எனக்கு அந்த டாக்டரைப் பற்றித்தான் கவலை. 2017இல் வந்த ‘கன்ட்ரோல்’ நாவலின் முடிவில் பஷீர், ரகசிய உளவு அமைப்பான செக்‌ஷன் 31ஐ வீழ்த்திவிடுகிறார், ஆனால் அதற்குள் அவருடைய காதலி சரீனா இறந்துவிடுகிறாள், அவர் பேச்சற்று, அசைவற்று, நினைவு எங்கேயோ போனவராகக் கார்டாசியா கிரகத்தில் பழைய நண்பர் காரக்கின் பராமரிப்பில் வந்து சேர்கிறார். தையல்காரனாக, உளவாளியாக நமக்கு அறிமுகமான காரக் இப்போது கார்டாசியாவை ஆளும் காஸ்டலன். ஊனா மெக்கார்மக்கின் ‘எனிக்மா டேல்ஸ்’ அதே வருடம் வந்தது, அதில் காரக் பதில் வராது என்று தெரிந்தே பஷீருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தக் கடிதங்களை இன்று மறுபடி படித்தேன். தொலைக்காட்சித் தொடரை ஒட்டிய நாவல் என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் கையில் இதைத்தான் கொடுக்க வேண்டும்.

அதற்கப்புறம் பஷீர் அப்படியே விடப்பட்டார். உரிமப் பேச்சுவார்த்தையால் நடுவில் கொஞ்ச காலம் புத்தகங்களே வரவில்லை, வந்தபோது டிஸ்கவரி, பிக்கார்ட் என்று புதுத் தொடர்களுக்குத்தான் முன்னுரிமை. நாலு வருடம் ஒரு மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கோடாவிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை, அந்த இரண்டு பேருக்கும் ஒரு உரையாடல். ஒரே பக்கம் போதும்.

அதைக் ‘கன்ட்ரோல்’ எழுதிய டேவிட் மேக்கே தன் மூன்றாவது புத்தகத்தில் செய்வாரா, அதற்கு முன்பே ஸ்வாலோ செய்துவிடுவாரா? நவம்பர் வரை இழுத்தடித்தால் தாங்காது.

செப்டம்பர் 27, திங்கள்

அமெரிக்காவில் சில கடைகள் ஒரு நாள் முன்னதாகவே அலமாரியில் வைத்துவிட்டன போலிருக்கிறது, ஒரு சாவைப் பற்றி யாரோ எழுத ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியிலேயே மூடிவிட்டேன். பெயர் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். பட்டிருந்தாலும் இன்று இரவுக்குள் மறந்துவிடுவேன். போனைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அம்மா கேட்டாள், “பரீட்சையா உனக்கு?”

செப்டம்பர் 28, செவ்வாய்

கிண்டிலில் இறங்கிவிட்டது. பேப்பர்பேக் எப்போது கைக்கு வரும் என்பதைக் கூரியர்காரரைத்தான் கேட்க வேண்டும். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், பஸ்ஸில் கொஞ்சம் படித்தேன். என் யூகம் சரியா தப்பா என்று இங்கே சொல்லப்போவதில்லை, யாரும் கேட்காதீர்கள். வார்ட் அவசரப்படாமல் எழுதியிருக்கிறார், பிக்கார்டின் கப்பலான எண்டர்பிரைஸின் தாழ்வாரங்களில் நம்மைக் கொஞ்சம் நடக்க விடுகிறார். அந்த நிதானம்தான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 26க்கு முன்பதிவு செய்துவிட்டேன்.

ராத்திரி ஒரு மணிக்குப் பக்கத்தில் நண்பனிடமிருந்து ஒரு செய்தி. “எந்தச் சாப்டர்ல இருக்க? சீக்கிரம் வா. பேசணும்.”