யார், யாரிடம் சொன்னது? வேத வாசிப்பில் நான் கற்றுக்கொண்டவை

வேத (பைபிள்) வினாடி வினாவில், மிக நீண்ட காலம் வாழ்ந்த மெத்தூசலாவின் வயது என்ன என்று கேட்டால் 969 என்ற பதில் பறந்து வரும். பிலேமோனுக்கு அப்போஸ்தலனாகிய பவுல் ஏன் கடிதம் எழுதினார் என்று கேட்டால் அதே கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும். இத்தனைக்கும் அது 25 வசனங்களே உள்ள கடிதம். எஜமானைப் பிரிந்துபோன ஒநேசிமு என்ற அடிமையை இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாகச் சேர்த்துக்கொள்ளும்படி பவுல் அதில் மன்றாடுகிறார். மெத்தூசலாவின் வயதை மனப்பாடம் செய்ய ஆகும் நேரத்தில் அதை ஒருமுறை வாசித்துவிடலாம்.

தேர்வுகளுக்காக வேதத்தைப் படித்த காலத்தில் நானும் பெயர்களையும் எண்களையும் நிறையச் சேர்த்தேன். அவை வீணாகவில்லை. ஆனால் வேதம் எனக்கு விளங்கத் தொடங்கியது, பிற்பாடு ஒரு சிறு வேத ஆராய்ச்சிக் குழுவில் உட்கார்ந்தபோதுதான். எந்த வசனத்தை யார் எடுத்தாலும், அதைப் பற்றி வாய் திறக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம்: இதைச் சொல்வது யார்? யாரிடம் சொல்கிறார்? "இந்த வசனம் என்னோடு என்ன பேசுகிறது" என்ற கேள்விக்கும் இடம் உண்டு. ஆனால் அது மூன்றாவது கேள்வி.

இதன் பயனைக் காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் யோபு 8:7. "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்பதை வாக்குத்தத்த வசனமாக, அதாவது தனக்குக் கடவுள் தரும் வாக்குறுதியாக, பெறாத விசுவாசி அபூர்வம். சொன்னது யார்? கர்த்தர் அல்ல, யோபுவும் அல்ல. சூகியனான பில்தாத். யாரிடம் சொன்னார்? பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனிடம். அதற்கு மூன்று வசனங்கள் முன்னால் அதே பில்தாத், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் அவர்களுக்கு இது நேர்ந்தது என்ற தொனியில் பேசுகிறார். நீ சுத்தமானவனாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தின் வால்தான் நாம் சட்டம் போட்டு மாட்டுகிற வசனம். புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில், யோபுவின் சிநேகிதர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே கோபப்படுகிறார்.

அப்படியானால் அந்த வசனத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டுமா? அவசரப்பட வேண்டாம். யோபுவின் பின்னிலைமையைக் கர்த்தர் அவனுடைய முன்னிலைமையைவிட அதிகமாக ஆசீர்வதித்தார் என்று 42:12 சொல்கிறது. பில்தாத் சொன்னது நடந்துவிட்டது, ஆனால் அவர் சொன்ன காரணத்தால் அல்ல. துன்பப்படுகிறவன் பாவம் செய்திருக்க வேண்டும் என்ற கணக்கு பொய்த்துப்போனது. கர்த்தரின் இரக்கம் நின்றது. ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இது கிடைக்காது. 42 அதிகாரங்களையும் நடந்து கடந்தவருக்குத்தான் கிடைக்கும்.

எரேமியா 29:11-ம் அப்படித்தான். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதத்தில் வரும் வரி. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று முழங்கியிருந்தான். எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த விடுதலையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த மாதமே வேலை கிடைக்கும் என்பதற்கு அடையாளமாக இந்த வசனத்தை எடுப்பவர்கள், தெரியாமலேயே அனனியாவின் பக்கம் போய் நிற்கிறார்கள். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நீண்ட காத்திருப்பின் நடுவே இருக்கும் ஒருவருக்கு, முழுக் கடிதமும் ஒற்றை வசனத்தைவிடப் பெரிய ஆறுதல் தருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் ஆலோசனை: துண்டாக வாசிக்காதீர்கள், புத்தகமாக வாசியுங்கள். அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551-ல் அச்சான ஒரு பதிப்பில் வந்தவை. எழுதியவர்கள் வைத்த நிறுத்தங்கள் அல்ல அவை. ஏசாயா 53 என்று நாம் சொல்லும் பகுதி உண்மையில் 52:13-லேயே தொடங்கிவிடுகிறது. 53:1-லிருந்து ஆரம்பித்தால், பாடுபடும் தாசன் உயர்த்தப்படுவார் என்ற முன்னறிவிப்பை இழந்துவிடுவோம்.

தொடங்குவதற்கு, பிலிப்பி பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய பிலிப்பியர் நல்ல புத்தகம். நாலே அதிகாரங்கள், கால் மணி நேரம் போதும். ஒரு வாரம் தினமும் அதையே முழுவதுமாக வாசியுங்கள், இடையில் வேறு எதற்கும் தாவ வேண்டாம். முதல் இரண்டு நாட்களில் ஏற்கெனவே தெரிந்த வசனங்கள் மட்டுமே கண்ணில் படும். பிறகு இணைப்புகள் தெரிய ஆரம்பிக்கும். இரண்டாம் அதிகாரத்தில், கிறிஸ்து தம்மைத் தாழ்த்திய அந்தப் பெரிய பகுதிக்கு முன்னால் "ஒரே சிந்தை" என்று பவுல் வற்புறுத்துகிறார். நாலாம் அதிகாரத்தில் அதே வார்த்தையை, ஒத்துப்போகாமல் இருந்த இரண்டு பெண்களிடம் பெயர் சொல்லிக் கேட்கிறார். கிறிஸ்துவின் தாழ்மையைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிக உயர்ந்த வரிகள், ஒரு சபைக்குள் இருந்த மனஸ்தாபத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை என்று அப்போது தோன்றும். பரீட்சை நேரத்தில் எல்லாரும் சொல்லும் 4:13-ஐயும் (கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு) அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறவர் சொல்லும் பெலன் அது. தேர்வில் தோற்றவனுக்கும் அந்த வசனத்தில் பங்கு உண்டு.

அடுத்தது, புத்தகங்களை ஜோடி சேர்ப்பது. பிலிப்பியரோடு அப்போஸ்தலர் 16-ஐ வாசித்தால், அந்தச் சபை லீதியாளோடும் ஒரு சிறைச்சாலைக்காரனோடும் எப்படித் தொடங்கியது என்று தெரியும். கொரிந்தியருக்கு அப்போஸ்தலர் 18. ஆகாய்க்கும் சகரியாவுக்கும் எஸ்றா 5, 6. எரேமியாவுக்கு 2 இராஜாக்களின் கடைசி நாலு அதிகாரங்கள். லேவியராகமத்தில் பலர் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள். 16-ம் அதிகாரத்தை எபிரெயர் 9-ம் அதிகாரத்தோடு சேர்த்து வாசித்துவிட்டு மற்றதற்குத் திரும்பினால் வழி திறக்கும்.

ஒரு வருஷத்தில் முழு வேதத்தையும் முடிக்கும் அட்டவணை பற்றிக் கேட்பார்கள். மொத்தம் 1189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று அல்லது நாலு. வாழ்க்கையில் ஒருமுறையாவது செய்யுங்கள், தேசத்தின் வரைபடம் கைக்கு வரும். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அதையே செய்து, ஒரு புத்தகத்தில்கூடத் தங்காமல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்தங்கிப்போன அதிகாரங்களை டிசம்பரில் கடன் அடைப்பதுபோல் புரட்டுவது வாசிப்பே அல்ல.

விளக்கவுரைகளைத் திறப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதலில் நீங்களே கேள்விகளை நோட்டில் எழுதுங்கள், பிறகு ஒத்துவாக்கியங்களை (அதே கருத்து வரும் மற்ற வசனங்களை) பாருங்கள், அதன்பின் விளக்கவுரைக்குப் போங்கள். கேள்வியோடு போகிறவனுக்கே விளக்கவுரை பயன்படுகிறது. கேள்வி இல்லாமல் போகிறவன் மற்றவருடைய முடிவை மட்டும் சுமந்துகொண்டு வருகிறான். குழுவிலும் இதே ஒழுங்கு உதவும். யார் எதைச் சொன்னாலும், "எந்த வசனத்தில் இருக்கிறது?" என்று அன்போடு கேட்க அனுமதி இருக்க வேண்டும். பெரோயா பட்டணத்திலிருந்தவர்கள் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அவர்கள் பாராட்டப்பட்டார்கள்.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு, ஆவியானவர் போதிப்பாரே என்று சிலர் கேட்பதுண்டு. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் (2:7) பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்: நான் சொல்லுகிறவைகளைச் சிந்தித்துக்கொள், கர்த்தர் உனக்குப் புத்தியைத் தந்தருளுவார். சிந்திப்பது தீமோத்தேயுவின் வேலை, தருவது கர்த்தருடைய வேலை. அதனால்தான் "என் கண்களைத் திறந்தருளும்" என்ற சங்கீதம் 119-ன் ஜெபத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஜெபித்த பிறகு கேள்விகளைக் குறைத்துக்கொள்வதில்லை.

விடை கிடைக்காத பகுதிகள் இருக்கும். பவுலின் நிருபங்களில் அறிகிறதற்கு அரிதானவை சில உண்டு என்று பேதுருவே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட இடங்களில் ஒரு கேள்விக்குறி போட்டு மேலே நடங்கள். அடுத்த முறை வரும்போது சில தாமாகவே அவிழ்ந்திருக்கும்.

குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். யாத்திராகமம், எசேக்கியேல், தானியேல், சகரியா இவற்றை வாசிக்காமல் அதன் காட்சிகளுக்குள் போனால் அன்றைய செய்தித்தாளைக் கொண்டுதான் பொருள் சொல்ல நேரிடும். பொறுக்க முடியாவிட்டால் இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு சபைகளுக்கு ஏழு கடிதங்கள். சொல்வது யார், யாரிடம் என்று ஒவ்வொன்றின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது.